கப்பல்கள் வந்து சேர்ந்த மலை

1912 ஏப்ரல் 15 அதிகாலை. அட்லாண்டிக் நடுவே, டைட்டானிக்கின் 13ஆம் எண் உயிர்காப்புப் படகில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தன் கையிலிருந்த கம்பளிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். கொதிகலன் அறையிலிருந்து போட்டிருந்த மெல்லிய சட்டையோடு ஓடிவந்த தொழிலாளிகள் குளிரில் விறைத்துப்போய்த் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பளிகள் அவள் அம்மாவுக்கும் தம்பி தங்கைக்கும் என்று அறையிலிருந்து அவளே எடுத்து வந்தவை. மேல்தளத்தில் தம்பியையும் தங்கையையும் 11ஆம் படகில் ஏற்றினார்கள், அம்மாவும் எப்படியோ ஏறிக்கொண்டாள், இடமில்லை என்று படகை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த படகில் ஏறிக்கொள் என்று அம்மா கத்தியதுதான் அவள் கேட்டது.

பெயர் ரூத் பெக்கர். பிறந்தது குண்டூரில். தந்தை அங்கே அமெரிக்க லுத்தரன் மிஷனரி. குழந்தைத் தம்பிக்கு உடம்பு சரியில்லை, அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பான் என்று வைத்தியர்கள் சொன்னதால் தாயும் மூன்று பிள்ளைகளும் புறப்பட்ட பயணம் அது. அதற்கு முன் ரூத் படித்த இடம் கொடைக்கானல் ஹைகிளர்க் பள்ளி.

டைட்டானிக் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகளை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். நான் படித்தவரை அவற்றில் கொடைக்கானல் என்ற பெயர் வரவில்லை. கொடைக்கானல் பற்றிய எழுத்துகளில் கப்பல் வருவதும் அபூர்வம். குறிஞ்சிப்பூ வரும், பேரிக்காய் வரும், பனிமூட்டம் வராமல் இருக்காது. ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஊரை உண்டாக்கியதும், அதற்கு ஆள் அனுப்பியதும், தபாலும் தட்டுமுட்டுச் சாமானும் கொண்டுவந்ததும் கடல்தான். நீலகிரிக்குச் சென்னை அரசாங்கம் இருந்தது. பழனி மலைக்கு இருந்தவை பாஸ்டன் நகரத்து மிஷன் சபை ஒன்றும், கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு ஓடிய கப்பலும்.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்து வந்தது. அவர்கள் பாஸ்டனில் பாய்மரக் கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி வந்தவர்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதற்கு முன் அந்தப் பயணத்துக்கு மாதக்கணக்கு ஆகும். அப்படி வந்து இறங்கியவர்கள் மதுரை வெயிலிலும் காலராவிலும் காய்ச்சலிலும் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். தேறாதவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புவது பணத்துக்கும் கேடு, வேலைக்கும் கேடு. ஆகவே கண்ணுக்கெதிரே நின்ற மலையில் ஏறினார்கள். 1845இல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானலில் ஐரோப்பியக் குடியிருப்பு தொடங்கியது அவற்றோடுதான். சுருக்கமாகச் சொன்னால், கப்பல் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கட்டிய ஊர் அது.

பள்ளிக்கூடத்தின் கதையும் இதேதான். மிஷனரிகளின் பிள்ளைகள் படிக்கும் வயது வந்ததும் அமெரிக்காவுக்குக் கப்பலேறுவார்கள். பெற்றோர் திரும்பப் பார்க்கும்போது மீசை முளைத்திருக்கும். 1901இல் ஹைகிளர்க் என்ற விடுதிக் கட்டடத்தில் பதின்மூன்று பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுக்காமல் இருப்பதே அதன் நோக்கம். அந்தப் பள்ளிப் பிள்ளை ஒருத்திதான் உலகத்திலேயே பெரிய கப்பலின் கடைசி இரவைப் பார்த்தாள்.

நியூயார்க்கிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் ஒருவரின் பாதையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். அட்லாண்டிக்கைக் கடந்து லிவர்பூலிலோ சவுத்தாம்ப்டனிலோ இறங்க வேண்டும். அங்கே வேறு கம்பெனியின் கப்பலுக்கு மாறி, மத்தியதரைக் கடல், சூயஸ், ஏடன் வழியாகக் கொழும்பு. கொழும்பில் மறுபடி மாறி, ஓர் இரவு கடந்தால் தூத்துக்குடி. அங்கே கடல் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல் கரைக்கு வராது. ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போடும். அலையில் ஆடும் படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். பிறகு ரயில். 1875க்குப் பிறகு அம்மையநாயக்கனூர் வரை அதில் வரலாம். இன்றைய கொடைரோடு அதுதான். அதற்கப்புறம் மாட்டு வண்டி. இரவெல்லாம் வண்டிக்குள் வைக்கோல் மேல் உருண்டு முப்பது மைலுக்கு மேல் போனால், விடியும்போது மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு. அங்கிருந்து சுமார் பன்னிரண்டு மைல் குதிரைப் பாதை. ஆண்கள் மட்டக்குதிரையில் போவார்கள். பெண்களும் குழந்தைகளும் மூங்கில் கட்டிய நாற்காலியில். அதைத் தூக்குபவர்கள் நான்கு பேர், தோள் மாற்ற இன்னும் நான்கு பேர்.

இந்தக் கடைசிப் பன்னிரண்டு மைல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்தாயிரம் மைல் பயணத்தில் நீராவியும் நிலக்கரியும் தந்தியும் கால அட்டவணையும் வேலை செய்திருக்கின்றன. கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தது பெரியகுளம் பக்கத்து மனிதர்களின் தோள்பட்டைக்கு. பியானோ அப்படித்தான் ஏறியது. இரும்பு அடுப்பு அப்படித்தான். கப்பல் டிரங்குப் பெட்டிகளில் அந்தக் காலத்தில் இரண்டு வகைச் சீட்டு ஒட்டுவார்கள். பயணத்தில் தேவைப்படும் பெட்டி அறைக்கு வரும், தேவைப்படாத பெட்டி கப்பலின் அடியறைக்குப் போகும். மலையேறும்போது அந்தப் பாகுபாடு இல்லை, எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் கனத்திருக்கும். மோட்டார் போகும் லாஸ் காட் ரோடு முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது.

ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை அணை கட்டித் தேக்கி உண்டாக்கியது அது. மீன் குஞ்சுகளை விட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். அப்போது அம்மையநாயக்கனூருக்கு ரயில் வரவில்லை, மலைக்கு வண்டிப் பாதையும் இல்லை. கடலில் மிதக்க வேண்டிய படகு ஒன்று சமவெளி முழுக்க வண்டியிலும் பிறகு செங்குத்தான மலையில் ஆட்களாலும் வந்து ஏழாயிரம் அடி உயரத்தில் மிதந்தது. லெவிஞ்சின் பெயர் ஊர் வரலாற்றில் இருக்கிறது. படகைத் தூக்கி வந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. இன்று மே மாதத்தில் அந்தப் படகுத்துறையில் வரிசையில் நின்று மிதிபடகுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் தூத்துக்குடியை நினைக்கக் காரணம் ஏதும் இல்லை.

கப்பல் கம்பெனிகளின் பழைய விளம்பரங்களைப் பார்த்தால் முதல் வகுப்புதான் கப்பல் என்று தோன்றும். கண்ணாடிக் கூரை, பனை நட்ட தொட்டிகள், வயலின், வளைந்திறங்கும் மாடிப்படி. டைட்டானிக் சினிமாவும் அந்த மாடிப்படியிலேதான் நின்றது. கம்பெனிகள் உயிர் வாழ்ந்தது அதனால் அல்ல. சாமுவேல் கியூனார்ட் 1840இல் அட்லாண்டிக்கில் நீராவிக் கப்பல் விட்டது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தத்தை நம்பி. பி அண்ட் ஓ கம்பெனி கிழக்கே வந்ததும் அப்படியே. தபால் கூலி நிலையான வருமானம். கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நாளில் கிளம்ப அந்தப் பணம் கைகொடுத்தது. இன்னொரு வருமானம் கீழ்த்தளத்தில் இருந்தது. அயர்லாந்து, இத்தாலி, போலந்து ஏழைகளை ஆயிரக்கணக்கில் ஏற்றி அமெரிக்காவில் இறக்கியதில் வந்த காசு. டைட்டானிக்கிலும் மூன்றாம் வகுப்பில்தான் ஆட்கள் அதிகம், ஏறத்தாழ எழுநூறு பேர். பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் கணக்கு ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் வகுப்பில் வந்த குழந்தைகள் 24 பேரும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் பிழைத்தவர்கள் 27 பேர். பெக்கர் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்தவர்கள்.

நம் கடலில் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டமானது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, நம் ஊர்க்காரர்கள் வாயில் பி.ஐ. கம்பெனி, ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்கின்னன் 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் தபால் கொண்டுபோகத் தொடங்கியது. பிறகு வங்கக் கடலும் அரபிக் கடலும் அதன் குத்தகை நிலம் மாதிரி ஆயிற்று. அதன் சோறு டெக் பாசஞ்சர். மேலே வானம், கீழே பலகை, பக்கத்தில் பானையும் பாயும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஆட்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் சோதிக்கப்பட்டு, கொழும்புக் கப்பலேறித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கொடைக்கானல் துரைமார் எந்தப் பாதையில் வந்தார்களோ அதே பாதை, எதிர்த்திசையில். ஒரே கப்பலின் மேல்தளத்தில் கோடைக்கு மலையேறப் போகிறவர்கள் வந்தார்கள். திரும்பும்போது அதில் வேறு ஒரு மலையில் கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் ஏறினார்கள்.

வ.உ. சிதம்பரம் பிள்ளை இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட வியாபாரி. அவரைத் தியாகியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். செக்கிழுத்த படம் மனதில் பதிந்த அளவுக்குப் பங்குப் பத்திரம் பதியவில்லை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானபோது அதன் மூலதனம் பத்து லட்சம், இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. துணைச் செயலாளர். இருபத்தைந்து ரூபாய் என்று வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. சில்லறைக் கடைக்காரரும் வக்கீல் குமாஸ்தாவும் எட்டிப்பிடிக்கக்கூடிய தொகை அது. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பலை வாடகைக்குப் பிடித்தார்கள். பி.ஐ. மிரட்டியதும் அந்தக் கம்பெனி கைவிரித்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தத் தொழில் ஆகாது என்று வ.உ.சி. வடக்கே போனார். 1907இல் காலியா, லாவோ என்ற கம்பெனியின் சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன.

அதன்பின் நடந்த விலைச்சண்டை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பி.ஐ. இலவசம் என்றது, குடையும் தருகிறோம் என்றது. குடையை வாங்கிக்கொள்ளாமல் எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் போனவர்கள் உண்டு என்பது பெருமைக்குரிய விஷயம்தான். ஆனால் பத்து லட்சத்துக் கம்பெனி, கடல் முழுக்கக் கிளைவிட்ட கம்பெனியோடு எத்தனை மாதம் எட்டணாவில் போராட முடியும்? தபால் ஒப்பந்தம் அவர்களிடம். சுங்கமும் துறைமுகமும் ரயிலும் அவர்கள் பக்கம். தூத்துக்குடியில் பி.ஐ.யின் ஏஜெண்டுகள் ஹார்வி சகோதரர்கள், அவர்களுடையதுதான் கோரல் மில். சப்-கலெக்டர் நாற்காலியில் ராபர்ட் வில்லியம் ஆஷ். 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். தண்டனை முதலில் நாற்பது ஆண்டு, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே 1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷ் அப்போது திருநெல்வேலிக் கலெக்டர். காலை ஒன்பதரைக்குத் திருநெல்வேலியில் ரயிலேறினார். கூடவே மனைவி மேரி. அயர்லாந்திலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. போய்க்கொண்டிருந்த இடம் கொடைக்கானல். அவர்களின் நான்கு பிள்ளைகளும் அங்கே ஒரு வாடகை பங்களாவில் இருந்தார்கள். பத்து முப்பத்தெட்டுக்கு வண்டி மணியாச்சியில் நின்றது. அங்கே அவர்கள் போட் மெயிலுக்கு மாற வேண்டும். கொழும்புக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் ரயில் அது. அது வரப் பத்து நிமிடம் இருந்தது.

வாஞ்சிநாதன் அந்தப் பத்து நிமிடத்தில் வந்தார். முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார்.

கப்பல் கம்பெனியை ஒழித்ததற்குப் பழி என்று இதைச் சொல்வது வழக்கம். நானும் ஓரளவு அதை ஏற்பேன். ஆனால் வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் கப்பலைப் பற்றிப் பேச்சில்லை. சனாதன தர்மமும் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜும்தான் அதில் இருந்தன. கப்பலோட்டியவரின் கோபமும் கடிதத்தின் கோபமும் ஒன்றல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையும் கணக்கும் கொண்டு கட்டிய எதிர்ப்பை அரசாங்கம் நசுக்கியது. அந்த இடத்தில் துப்பாக்கியும் வேறொரு பாஷையும் வந்து நின்றன. ஆஷ் செத்ததனால் காலியா திரும்ப வரவில்லை. கொடைக்கானலில் நான்கு பிள்ளைகள் தகப்பனை எதிர்பார்த்து இருந்ததையும் சேர்த்தே நான் அந்த நாளை நினைக்கிறேன். தோப்பிலிருந்து நாற்காலி தூக்க ஆட்களுக்குக்கூடச் சொல்லி வைத்திருப்பார்கள்.

மணியாச்சிச் சம்பவத்துக்கும் டைட்டானிக்குக்கும் இடையே பத்து மாதம். இரண்டிலும் கொடைக்கானலில் இருந்த பிள்ளைகள் வருகிறார்கள். அந்த மலை எவ்வளவு தூரம் கப்பல் கம்பெனிகளின் உலகத்துக்குள் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கொடைக்கானல் வானாய்வு மையத்துக்கு 1907இல் வந்த ஜான் எவர்ஷெட்கூட இங்கிலாந்திலிருந்து நேரே வரவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்க ஆய்வகங்களைப் பார்த்து, பசிபிக்கைக் கடந்து ஜப்பான் வழியாக வந்து சேர்ந்தார். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909இல் அவர் கண்டது அந்த மலையில்தான்.

பிறகு கப்பல்களின் காலம் தேய்ந்தது. விமானம் வந்ததால் என்று எழுதுவது சுலபம், பாதி உண்மையும்கூட. மறுபாதி சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கா 1921லும் 1924லும் குடியேற்றத்துக்கு ஒதுக்கீடு வைத்ததும் அட்லாண்டிக் கப்பல்களின் கீழ்த்தளம் காலியானது. அந்த இடத்தைச் சுற்றுலா வகுப்பு என்று பெயர் மாற்றி மாணவர்களையும் ஆசிரியைகளையும் ஏற்றினார்கள். இந்தியாவில் கூலித் தொழிலாளர் மலாயாவுக்குப் போவது 1938லும் இலங்கைக்குப் போவது 1939லும் தடைசெய்யப்பட்டது. ஏழைகள் நகர்வது நின்றால் கப்பல் கம்பெனியும் நின்றுவிடும். பணக்காரர்களால் மட்டும் ஒரு கப்பல் தடம் பிழைத்ததாக எனக்குத் தெரிந்து வரலாறு இல்லை.

கடைசியில் ஓர் அட்லாண்டிக் கப்பலே நம்மிடம் வந்தது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 1966இல் ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு ஓட்டிய பாஸ்டர் என்ற கப்பலை இந்தியக் கப்பல் கழகம் 1972இல் வாங்கி எம்.வி. சிதம்பரம் என்று பெயரிட்டது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அது ஓடியது. வ.உ.சி. பிறந்து நூறாண்டு நிறைந்த வருடத்தில் அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் அந்தக் கப்பலில் வந்த தகரப் பெட்டியும் போர்வையும் இன்னும் கிடக்கும். 1985 பிப்ரவரியில் கப்பலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அத்தோடு அதன் ஓட்டமும் முடிந்தது.

ரூத் பெக்கர் அமெரிக்காவில் பள்ளி ஆசிரியையானார். பல்லாண்டுகள் டைட்டானிக் பற்றி வாயே திறக்கவில்லை. 1912க்குப் பிறகு அவர் மறுபடி கடலில் போனது 1990இல், தொண்ணூறு வயதில், மெக்சிகோவுக்கு. அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். சாம்பலை 1994இல் அந்தக் கப்பல் மூழ்கிய இடத்தில் தூவினார்கள். அவர் நினைவைக் காக்க அங்கே சங்கமும் பத்திரிகையும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். டைட்டானிக்கின் ஆணி எத்தனை என்றுகூட எண்ணி வைத்திருக்கிறார்கள். காலியாவில் எட்டணா கொடுத்து ஏறியவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? தூத்துக்குடியில் ஆஷுக்கு மண்டபம் இருக்கிறது. மணியாச்சி ரயில் நிலையத்துக்கு வாஞ்சியின் பெயர் இருக்கிறது. துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சி.யின் பெயர் வைத்தார்கள். இல்லாதது பயணிகளின் பட்டியல்தான்.

அந்த 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடி ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். அதன் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். பல ஆண்டுகள் வட அட்லாண்டிக் கரையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே ஓடிக் களைத்த கப்பல். மத்திய அமைச்சர் கொடியசைத்தார், படமெடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் போதிய பயணிகள் இல்லாமல் நின்றுபோனது. எட்டணாவுக்குக் கப்பல் விட்டவரின் துறைமுகத்திலிருந்து, எட்டணாக்காரர்களை மறந்துவிட்டுக் கப்பல் விட்டால் அப்படித்தான் ஆகும்.